உல்ஃபனைட்டா, வனேடினைட்டா, குரோகாய்ட்டா: முதலில் எதை வாங்கலாம்?

மூன்றும் சேகரிப்பாளர்கள் தேடும் ஈயக் கனிமப் படிகங்கள். மூன்றுக்கும் தாய் ஒன்றுதான், கலீனா. சாம்பல் நிறமான இந்த ஈயத் தாது, நிலத்தின் மேல்மட்டத்தில் காற்றும் நீரும் பட்டுச் சிதையும். அதிலிருந்து வெளிவரும் ஈயம் மாலிப்டினத்தோடு சேர்ந்து மாலிப்டேட்டானால் உல்ஃபனைட், குரோமியத்தோடு சேர்ந்து குரோமேட்டானால் குரோகாய்ட். வனேடியத்தோடு குளோரினும் கூடினால் வனேடினைட்.

நிறத்தை நம்பிப் பெயர் சொல்லாதீர்கள், மூன்றிலும் ஆரஞ்சும் சிவப்பும் உண்டு. வடிவத்தைப் பாருங்கள். சதுரத் தகடு என்றால் உல்ஃபனைட். அறுகோணத் தூண், சில சமயம் குட்டிப் பீப்பாய், என்றால் வனேடினைட். நெடுக வரியோடிய நீளக் குச்சி குரோகாய்ட். இன்னும் சந்தேகமா? உதிர்ந்த துணுக்கு ஒன்றை டைல்ஸின் மெருகில்லாத பின்பக்கத்தில் தேய்க்கலாம். உல்ஃபனைட் வெள்ளைக் கோடு விடும், வனேடினைட் மங்கிய மஞ்சள், குரோகாய்ட் ஆரஞ்சு கலந்த மஞ்சள்.

புதியவருக்கு என் பரிந்துரை மொராக்கோவின் மிப்லாடென் வனேடினைட். அங்கிருந்து ஏராளமாக வருவதால் விலை கட்டுப்படியாகும். வெண்ணிற பேரைட் கனிமத்தின் மேல் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருக்கும் துண்டு கிடைத்தால் விடாதீர்கள். ஒரே குறை, வெளிச்சத்தில் நாள்பட வைத்தால் கறுத்து மங்கும். ஜன்னலோர அலமாரி இதற்கு ஆகாது.

அழகில் உல்ஃபனைட்டை மிஞ்ச முடியாது. ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் அதற்கு 2.28 முதல் 2.40 வரை, வைரத்துக்கு 2.42. அந்தப் பளபளப்பு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் 1 முதல் 10 வரை போகும் மோஸ் கடினத்தன்மை அளவில் 3ஐத் தாண்டாது. அரிசோனாவின் ரெட் கிளவுட் சுரங்கத்துச் சிவப்புத் தகடுகள் பாறையில் விளிம்பால் ஒட்டி நிற்பவை. விரல் இடறினாலே மூளி, விலையும் எட்டாது. மெக்சிகோவின் லாஸ் லமெந்தோஸ் உல்ஃபனைட் தடித்த கட்டையாக, பழுப்போடிய ஆரஞ்சில் இருக்கும். அழகு ஒரு படி குறைவு, ஆயுள் கெட்டி. எதை வாங்கினாலும் 10 மடங்கு லென்ஸில் நான்கு மூலைகளையும் பாருங்கள். பிறகு புறஊதா டார்ச் அடியுங்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் பல பசைகள் நீலவெண்மையாக ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

குரோகாய்ட் அபூர்வம், காரணமும் இருக்கிறது. ஈயமும் குரோமியமும் பொதுவாக ஒரே பாறையில் குடியிருப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள டண்டாஸில் இரண்டும் அக்கம்பக்கமாக அமைந்தன. ரஷ்யாவின் யூரல் பகுதிக் குரோகாய்ட்டை ஆராய்ந்துதான் 1797இல் பிரெஞ்சு வேதியியலாளர் வோக்லான் குரோமியத்தையே கண்டுபிடித்தார். நீளக் குச்சிகள் தபாலில் பிழைத்து வருவது அரிது. நேரில் வாங்க முடிந்தால் மட்டும் யோசிக்கலாம்.

மூன்றிலும் ஈயம் உண்டு, குரோகாய்ட்டில் நச்சான ஆறு இணைதிறன் குரோமியமும் சேர்ந்துகொள்ளும். தூசியை உலர்ந்த பிரஷால் தட்டவோ வாயால் ஊதவோ கூடாது. உறுதியான துண்டென்றால் காய்ச்சி வடித்த நீரும் மென்மையான பிரஷும் போதும். கூடவே ஒட்டியிருக்கும் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தைக் கரைக்கிறேன் என்று அமிலத்தில் போட்டால் படிகத்தின் முகமும் அரித்து, பளபளப்பு போய்விடும். அல்ட்ராசோனிக் தொட்டியில் தகடுகள் கழன்று அடியில் கிடக்கும்.