நீலகிரி ஏற நான்கு சாலை: சுமை ஏற்றிய சைக்கிளுக்கு எது தோது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பின்கேரியரில் இரண்டு பை, 15 கிலோ சுமை என்று டூரிங் கிளம்புகிறவருக்கு நீலகிரி ஏற மேட்டுப்பாளையம் – கோத்தகிரி சாலைதான் சரி. மஞ்சூர் சாலை அழகில் அதைவிட ஒரு படி மேல். ஆனால் நிபந்தனைகள் அதிகம். குன்னூர் சாலை ஏறுவதற்கு வேண்டாம். கல்லட்டி, சுமை இல்லாத சைக்கிளில் காலை முறுக்கிப் பார்க்க நினைப்பவர்களுக்கு.

பலரும் செய்வது, மேப்பில் ஏற்றத்தின் சதவீதத்தை மட்டும் பார்த்துச் சாலையைத் தேர்ந்தெடுப்பது. கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே அந்தக் கணக்கு ஒன்றுமே சொல்லாது. மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பவானி பாலம் தாண்டி இடப்பக்கம் போனால் குன்னூர், வலப்பக்கம் திரும்பினால் கோத்தகிரி. இரண்டுமே முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு கிலோமீட்டர். இரண்டிலும் ஏற வேண்டியது ஏறத்தாழ 1,500 மீட்டர். சராசரி நாலரை சதவீதம் என்று வரும். அடிவாரத்துச் சமதளத்தைக் கழித்தால் காலுக்குத் தெரிவது ஐந்து, ஆறு. பக்கத்திலேயே கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் மலை ரயில், பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற சரிவைச் சமாளிக்கிறது. சாலை அவ்வளவு கொடுமையில்லை.

வித்தியாசம் வண்டிகளில்தான். குன்னூர் சாலை தேசிய நெடுஞ்சாலை. லாரி, அரசு பஸ், சுற்றுலா வேன் எல்லாம் அதில்தான். 14 கொண்டை ஊசி வளைவுகள். இடப்பக்கம் திரும்பும் வளைவில் ஏறும்போது சைக்கிள் உள்விளிம்பில் இருக்கும். சரிவு மிகக் கடுமையாக இருப்பதும் அங்கேதான். பின்னால் ஏறிவரும் பஸ் முன்பக்கத்தை அகலமாகத் திருப்பினாலும் அதன் பின்சக்கரம் உள்விளிம்பை வெட்டிக்கொண்டுதான் வரும். ஓட்டுநர் சைக்கிளைத் தாண்டிவிட்டதாக நினைக்கும் அந்த நொடியில் நீங்கள் பின்சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பீர்கள். எந்தச் சாலையானாலும் இதற்கு ஒரே வழி: வளைவுக்கு முன்பே பஸ் சத்தம் கேட்டால் ஓரமாக நின்று அதை விட்டுவிட்டு ஏறுங்கள். கோத்தகிரி சாலையில் இப்படி நிற்க வேண்டிய தடவைகள் வெகுவாகக் குறையும்.

கோத்தகிரி ஏற்றத்தில் அடிவாரக் காட்டுப் பகுதி புழுக்கமானது. குஞ்சப்பனை சோதனைச்சாவடி வரும் வரை காற்று இருக்காது; முதல் இரண்டு பாட்டில் தண்ணீர் அங்கேயே தீர்ந்துவிடும். அதற்கு மேல் தேயிலை ஆரம்பிக்கிறது, குளிர்ச்சியும்தான். அரவேணுவில் டீக்கடைகள் உண்டு. மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு ஏறக்கூடாது. சைக்கிளில் இரண்டு, பையில் ஒரு லிட்டர் ஒன்று. வாட்டர் ஏடிஎம் கண்ணில் படும்போதெல்லாம் நிரப்பிக்கொள்வது.

ஆளும் சைக்கிளும் சுமையும் சேர்த்து 100 கிலோ என்றால் இந்த ஏற்றத்துக்கு உடம்பு எரிப்பது ஏறத்தாழ 1,500 கலோரி. வர்க்கியும் டீயும் வாய்க்கு நன்றாக இருக்கும், கணக்குக்கு ஆகாது. மேட்டுப்பாளையத்திலேயே இட்லி, பொங்கல் என்று கனமாகச் சாப்பிட்டுவிட்டு, பையில் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் வைத்துக்கொண்டு முக்கால் மணிக்கு ஒருமுறை எதையாவது மெல்ல வேண்டும். நிற்கும் நேரமும் சேர்த்து ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

அதிகாலை இருட்டில் கிளம்பி வெயிலைத் தவிர்க்கலாம் என்ற யோசனை சமவெளிக்குச் சரி, இங்கே தவறு. குஞ்சப்பனைப் பக்கம் பலா பழுக்கும் மாதங்களில் யானைகள் சாலையிலேயே நிற்கும். நன்றாக விடிந்தபின் கிளம்பி, மாலை மங்குமுன் கோத்தகிரியில் இருக்க வேண்டும். யானையைக் கண்டால் பெல் அடிக்காமல், போட்டோ எடுக்காமல், வந்த வழியே திரும்பி ஒரு பஸ்ஸோ லாரியோ வரும்வரை காத்திருங்கள்.

கோத்தகிரியிலிருந்து ஊட்டி இன்னும் முப்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட வேண்டாம். கட்டபெட்டு வழியாகப் போகும் இந்தச் சாலை தொட்டபெட்டா சந்திப்பு வரை ஏறி, அதன் பிறகுதான் ஊட்டிக்கு இறங்குகிறது. ஊட்டி 2,240 மீட்டர். சந்திப்பு அதையும்விட உயரம். அதாவது ஊட்டியின் உயரத்தைத் தாண்டி ஏறிவிட்டு, சம்பாதித்ததில் கொஞ்சத்தை இறக்கத்தில் தொலைக்க வேண்டும். முதல் நாள் கோத்தகிரியில் தங்கி, மறுநாள் காலை இதை எடுத்தால் சுகமான பாதை. மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கினால் பத்தடி முன்னால் இருப்பது தெரியாது. பகலிலும் பின்விளக்கு எரிய வேண்டும்.

இந்தப் பரிந்துரைக்கு ஒரு பெரிய விலக்கு: மே மாதம். கோடை சீசனில் போலீஸ் போக்குவரத்தை ஒருவழியாக்கிவிடும். ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி. இறங்கிவரும் கூட்டத்துக்கு எதிராகச் சைக்கிளில் ஏறுவது வீண் வம்பு. அந்த மாதம் வேறு மலையைப் பாருங்கள். அக்டோபர், நவம்பரும் வேண்டாம். வடகிழக்குப் பருவமழையின் முழு வேகமும் மலையின் இந்தக் கிழக்குச் சரிவில்தான். 2009 நவம்பரில் இந்த வட்டாரத்து மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். ஜனவரியில் ஊட்டி விடியலில் உறைபனி இருக்கும், கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க விரல் மடங்காது.

இனி கியர். கடைக்காரர்கள் டூரிங் சைக்கிள் என்று காட்டும் பலவற்றின் மிகத் தாழ்ந்த கியர் முன்னால் 34 பல், பின்னால் 28. எட்டு சதவீத ஏற்றத்தில், 100 கிலோவோடு, நிமிடத்துக்கு 60 மிதி என்று வைத்தால் இந்தக் கியரில் மணிக்கு ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் போயாக வேண்டும்; அதற்குச் சுமார் 230 வாட் தேவை. பயிற்சி இல்லாதவர் அதைப் பத்து நிமிடம் தாங்குவார், பிறகு மிதி 40க்கு இறங்கி முட்டியில் வலி ஆரம்பிக்கும். முன்னால் 22, பின்னால் 34 இருந்தால் அதே 60 மிதியில் வேகம் ஐந்து கிலோமீட்டர், தேவை 125 வாட்டுக்குள். நடப்பதைவிடக் கொஞ்சம்தான் வேகம். இருக்கட்டும், மாலை வரை மிதிக்கலாம். கியரை மாற்றாமல் சைக்கிளின் எடையைக் குறைக்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வீண். டயர் 35 மில்லிமீட்டர், பின்சக்கரத்தில் 36 ஆரம் (ஸ்போக்). சுமை சைக்கிளில் உடைவது பெரும்பாலும் பின்சக்கரத்தின் செயின் பக்கத்து ஆரம்தான்.

சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் பார்சலாகப் போட்டுக் கொண்டுவருபவர்கள் மேட்டுப்பாளையத்தில் இறக்கியதும் ஒன்றைப் பார்க்காமல் கிளம்பக் கூடாது. லக்கேஜ் வேனில் சைக்கிளைப் படுக்கப்போட்டால் செயினைக் கியருக்குக் கியர் மாற்றும் பின் டிரெய்லரை (derailleur) சட்டத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் என்ற சின்ன உலோகத் துண்டு லேசாக உள்ளே வளைந்துவிடும். சமதளத்தில் தெரியாது. முதல் கடும் ஏற்றத்தில் பின்னாலுள்ள மிகப் பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) மாற்றும்போது டிரெய்லர் ஆரத்துக்குள் சிக்கி, ஹேங்கர் ஒடிந்து, சில சமயம் நாலைந்து ஆரத்தையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். பின்னாலிருந்து குனிந்து பாருங்கள்: டிரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் பல்லுக்கு நேர்கீழே ஒரே கோட்டில் தொங்க வேண்டும். சக்கரத்தின் பக்கம் சாய்ந்திருந்தால் பின்சக்கரத்தைத் தூக்கிக் கையால் மிதித்து, பெரிய பல்லில் விட்டு, ஆரத்துக்கும் டிரெய்லரின் கூண்டுக்கும் இடையே இடைவெளி இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். சந்தேகமிருந்தால், டிரெய்லர் சக்கரத்தின் பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் எல்லைத் திருகை அரைச்சுற்று இறுக்கிப் பெரிய பல்லைத் தியாகம் செய்வது மேல். உங்கள் மாடலுக்கான உபரி ஹேங்கர் கட்டாயம் பையில் இருக்க வேண்டும். டியூப், பிரேக் கேபிள் எங்கும் கிடைக்கும்; டிஸ்க் பேடும் பத்து, பதினொரு கியர் செயினும் கோயம்புத்தூரிலேயே வாங்கிவிடுங்கள்.

மஞ்சூர் சாலை: காரமடை, வெள்ளியங்காடு, முள்ளி, கெத்தை என்று காட்டுக்குள் போய் 43 கொண்டை ஊசிகளில் ஏறுகிறது. வண்டிகள் மிகக் குறைவு. ஒவ்வொரு திருப்பத்திலும் பள்ளத்தாக்கு வேறு முகம் காட்டும். நான்கில் இதுதான் மறக்க முடியாதது. ஆனால் கெத்தைப் பக்கம் யானைகள் அரசு பஸ்ஸையே மறித்து நிறுத்தும் இடம், சைக்கிளுக்கு எந்த மறைவும் இல்லை. வெள்ளியங்காட்டுக்கு மேல் கடை, பழுதுபார்ப்பு எதையும் நம்ப முடியாது. சோதனைச்சாவடியில் வெளியூர்க்காரர்களை விடுவது காலத்துக்குக் காலம் மாறும். முந்தைய நாளே வனத்துறையிடம் கேட்காமல் போனால் ஏறிய தூரம் முழுக்கத் திரும்ப வேண்டிவரும். தனியாகப் போகவே வேண்டாம்.

கல்லட்டி: மசினகுடிப் பக்கமிருந்து தலைகுந்தாவுக்கு 36 கொண்டை ஊசி. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல். சுமையோடு வருகிறவர் பாதியைத் தள்ளிக்கொண்டுதான் ஏறுவார். இறங்கும் பேச்சே கிடையாது. வெளியூர் வண்டிகளை இந்த வழியாக இறங்க விடுவதில்லை, காரணம் அடுக்கடுக்கான விபத்துகள்.

இறங்க எது என்றால், மழையில்லாத மாதங்களில் ஏறிய கோத்தகிரி வழியே. 100 கிலோவை 1,500 மீட்டர் இறக்கும்போது வெளியாகும் சக்தி, ஐந்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மீதி பிரேக்குக்குத்தான். லேசாகப் பிடித்தபடியே முழு மலையும் இறங்கினால் ரிம் சூடாகி டியூபில் ஒட்டிய பஞ்சர் ஒட்டு இளகும், டயர் வெடிப்பதும் உண்டு. டிஸ்க் என்றால் ரெசின் பேடு பளபளத்துப் பிடி போய்விடும். மெட்டல் பேடு போடுங்கள். வளைவுக்கு முன் நேர்சாலையில் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். முன், பின் என்று மாற்றி மாற்றி. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் பேடு தேயத் தேய லீவர் கைப்பிடியை நோக்கி வந்துகொண்டே இருக்கும். அரவேணுவில் ஒருமுறை, குஞ்சப்பனையில் ஒருமுறை நிறுத்தி, சூடு ஆறியபின் கேபிளை இறுக்கும் அட்ஜஸ்டரை இரண்டு, மூன்று சொடுக்கு திருகிவிட்டு இறங்குங்கள். ஆறுவதற்குமுன் டிஸ்க்கைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும்.