கூட்ட அறையா, ஏடிஎம் வரிசையா, அடகு நகையா?

பாளையங்கோட்டையில் குறும்படம் எடுக்கும் எங்கள் குழுவில் இப்போது ஓடும் சண்டை இதுதான்: ஒரு நாடே கடனில் சிக்கிய கதையைச் சொல்லும் புத்தகத்தை எப்படிப் படமாக்குவது?

முன்மாதிரி ஒன்று இருக்கிறது. கிரேக்கத்தில் 2015-ல் சில மாதங்கள் நிதியமைச்சராக இருந்த யானிஸ் வரூஃபாகிஸ், நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களோடு தான் நடத்திய பேச்சுவார்த்தையைப் புத்தகமாக எழுதினார். கோஸ்டா காவ்ராஸ் 2019-ல் அதைப் படமாக்கினார். பெரும்பாலும் கூட்ட அறைகள்தான். கோட் போட்டவர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அறிக்கையின் வாசகத்துக்காக மல்லுக்கட்டுகிறார்கள். "இத யாரு அண்ணாச்சி பாப்பா?" என்றான் எங்கள் கேமராத் தம்பி. நியாயமான கேள்விதான்.

அவனுக்குத் தெருதான் வேண்டும். அந்த ஜூன் கடைசியில் கிரேக்க வங்கிகள் மூடின. ஏடிஎம்மில் ஒரு நாளைக்கு 60 யூரோதான். ஜூலை 5 வாக்கெடுப்பில் 61 சதவீதம் பேர் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகள் வேண்டாம் என்றார்கள். அடுத்த வாரமே அரசு பணிந்தது. வரிசையைக் காட்டினால் பார்ப்பவன் வயிறு கலங்கும், சரி. ஆனால் வங்கிக்குப் பூட்டு எப்படி வந்தது என்பதை வரிசையில் நிற்பவர் சொல்ல முடியாது. கிரேக்க வங்கிகளுக்குத் தரும் அவசரக் கடனை இதற்கு மேல் உயர்த்துவதில்லை என்று ஐரோப்பிய மத்திய வங்கி முடிவெடுத்தது பிராங்க்பர்ட்டில்.

மூன்றாவது யோசனைக்குத்தான் ஆதரவு அதிகம்: கிரேக்கத்தை விட்டுவிட்டு, இந்தியா அந்நியச் செலாவணி இல்லாமல் தவித்த 1991-க்கு வருவது. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்தது. அப்போதைய கவர்னர் வெங்கிட்டரமணன், பக்கத்து நாகர்கோவிலில் பிறந்தவர். புத்தக உரிமைக்குக் காசு தேடி அலையவும் வேண்டாம். இதை டவுனில் நகையை அடகு வைக்கும் ஒரு குடும்பத்தின் கதையாக்கிவிடலாம் என்கிறார்கள். தராசு, அடகுச் சீட்டு, ஏல நோட்டீஸ் என்று திருநெல்வேலிக்காரனுக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு ஒப்பவில்லை. அதே ஜூலையில் அரசு ரூபாயின் மதிப்பை இரண்டு தவணையாகக் குறைத்தது. நகையை வைத்த அக்காவால் அதைச் செய்ய முடியுமா? பல நாடுகளுக்கும் பொதுவான யூரோவில் மாட்டியிருந்த கிரேக்கத்தாலேயே முடியவில்லை. நாட்டுக் கடனைக் குடும்பக் கடனாகக் காட்டினால், கடைசியில் "வரவுக்கு மீறிச் செலவழித்தார்கள்" என்ற திட்டுதான் மிஞ்சும். யார் கடன் கொடுத்தார், என்ன நிபந்தனை போட்டார் என்பதெல்லாம் காணாமல் போய்விடும்.

அதனால் என் ஓட்டு 1991-க்கு, ஆனால் கூட்ட அறைக்குள் வைத்து. தெருவுக்கு ஒரே ஒரு காட்சி: தங்கத்தை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போன வேன்களில் ஒன்று வழியில் நின்றுவிட, காவலர்கள் பதறியது. நடந்த சம்பவம்தான். அறை கிடைத்துவிடும், அந்தக் காலத்து வேன் ஒன்றுக்குத்தான் மேலப்பாளையம் ஒர்க்‌ஷாப்புகளில் சொல்லி வைத்திருக்கிறோம்.