-ஷென்னா, -லைனா? ஜெர்மனின் இரண்டு செல்ல விகுதிகள்

ஜெர்மனில் ஒன்றைச் சின்னதாக, செல்லமாகச் சொல்ல இரண்டு விகுதிகள் உண்டு: -ஷென், -லைன். முதலாவது வடக்கு, நடுப் பகுதிகளிலிருந்து வந்தது. டச்சின் பழைய -கென், ஆங்கில 'லாம்ப்கின்'னில் உள்ள -கின் எல்லாம் அதன் பங்காளிகள். இரண்டாவது தெற்கத்தியது. சுவிஸில் அது -லி ஆகி, 'மூஸ்லி'யாக நம் காலை உணவுக் கிண்ணம் வரை வந்துவிட்டது.

இன்றைய பொது ஜெர்மனில் -ஷென் வைத்ததுதான் சட்டம். -லைன் கொஞ்சம் கதை, கவிதை வாடை அடிக்கும். ஆனால் 'பூஹ்' (புத்தகம்) மாதிரிச் சொல்லோடு -ஷென் சேர்த்தால் நாக்கு சிக்கும். அங்கே 'ப்யூஷ்லைன்'தான் சரி.

வேடிக்கையெல்லாம் பெண்ணைக் குறிக்கும் 'ஃப்ராவ்' என்ற சொல்லில் இருக்கிறது. -லைன் சேர்த்தால் 'ஃப்ராய்லைன்', மணமாகாத பெண்ணை அழைக்கும் சொல். 1972இல் மேற்கு ஜெர்மனியின் உள்துறை அமைச்சகம் அதை அரசு வழக்கிலிருந்து நீக்கியது. -ஷென் சேர்த்தாலோ 'ஃப்ராவ்ஷென்', அதாவது நாயின் எஜமானியம்மா! எது சேர்ந்தாலும் சொல் நடுப்பாலுக்குப் போய்விடும். சிறுமியைச் சொல்லும் 'மேட்ஷென்'கூட இலக்கணப்படி 'அது'தான்.