ஆர்.டி.ஆர். தேர்வு: சென்னை வகுப்பா, வீட்டுப் பயிற்சியா?

விமானத்தில் ரேடியோவில் பேச உரிமம் தரும் ஆர்.டி.ஆர். ஏ தேர்வில் நான் இரண்டாவது முயற்சியில்தான் தேறினேன். முதல் முறை சென்னையில் வகுப்புக்குப் போய்ப் படித்தேன். இரண்டாவது முறை வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டிலிருந்தே தயாரானேன். இந்த இரண்டில் எது என்று கேட்பவர்களுக்கு என் பதில் வீட்டுப் பயிற்சி. ஏன் என்று சொல்கிறேன். வகுப்பு எந்த இடத்தில் உதவியது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

நான் எழுதியபோது தேர்வை நடத்தியது தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. புது விமானச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2025 ஜனவரி 1 முதல் பொறுப்பு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வுக்குப் போய்விட்டது. அதனால் விண்ணப்பிக்கும் முன் அவர்களுடைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் எழுதிய முறையில் பகுதி 1 எழுத்துத் தேர்வு. பகுதி 2 முழுக்க வாய். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, கையில் கொடுத்த பயணத் திட்டத்தின்படி விமானி போலப் பேச வேண்டும். எதிரில் இருக்கும் தேர்வாளர் கட்டுப்பாட்டு அறை போலப் பதில் சொல்வார். அதன் பிறகு விதிமுறை, ரேடியோ தத்துவம் பற்றி நேர்முகக் கேள்விகள்.

செலவு, அலைச்சல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காட்பாடியிலிருந்து சென்னை ஏறக்குறைய 130 கிலோமீட்டர். தினம் போய்வந்தால் உடம்பு தாங்காது, தங்கினால் கை தாங்காது. பகுதி 1-க்குப் படிப்பதிலும் பெரிய வித்தியாசம் இல்லை. உட்கார்ந்து படிப்பவருக்கு எங்கே இருந்தாலும் வரும்.

ரேடியோ தத்துவத்தில் மட்டும் வகுப்புக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். தொலைதூரப் பேச்சுக்கான எச்.எஃப். ரேடியோ அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும்போது பக்கத்து ஊர்களைத் தாண்டி எங்கோ தொலைவில் போய் விழுவது ஏன் என்பது எனக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. ஆசிரியர் பலகையில் இரண்டு கோடு போட்டதும் விளங்கியது. விமானங்கள் வழக்கமாகப் பேசும் வி.எச்.எஃப். அலை நேர்க்கோட்டில்தான் போகும் என்பதையும் அங்கேதான் மனதில் வாங்கினேன். மலை சூழ்ந்த வேலூரில் வளர்ந்தவளுக்கு, மலைக்குப் பின்னால் தாழப் பறக்கும் விமானத்தின் குரல் ஏன் அறுந்துபோகிறது என்று அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் நான் தோற்றது தத்துவத்தில் இல்லை, மைக்கில். எங்கள் பேட்சில் இருபத்திரண்டு பேர். இரண்டு மணி நேரப் பேச்சுப் பயிற்சியில் என் முறை வந்தால் ஆறு நிமிடம் கிடைக்கும். மீதி நேரம் மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். தேர்வு நாளில் தேர்வாளர் உயரம், திசை, கியூ.என்.எச். (உயரமானியில் வைக்க வேண்டிய காற்றழுத்த எண்), அடுத்த அலைவரிசை என நான்கையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் "ராஜர்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த அமைதியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நான்கையும் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்க வேண்டும். "ராஜர்" என்றால் நீங்கள் சொன்னது முழுதாக என்னை வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் பொருள். சரியாக வாங்கினேனா என்பதற்கு அதில் அத்தாட்சி இல்லை.

இரண்டாவது முறை எனக்குக் கட்டுப்பாட்டு அறையாக உட்கார்ந்தவர் என் பெரியப்பா. ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். விமானம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பக்கத்து ஸ்டேஷனோடு போனில் பேசி லைன் கிளியர், அதாவது வண்டியை அனுப்பலாம் என்ற அனுமதி, வாங்கியே வாழ்நாளைக் கழித்தவர். ரயில்வேயில் இந்த ஸ்டேஷன் உறுதி கொடுக்கும்போது பிரைவேட் நம்பர் என்று ஒரு எண்ணைச் சொல்லும், அந்த ஸ்டேஷன் அதை எழுதிக்கொள்ளும். வாய்வார்த்தையை மட்டும் நம்பி வண்டியை விடுவதில்லை. ரேடியோவில் நான் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் அதேதான். அவருக்கு அது ரத்தத்தில் இருந்தது.

அவர் முன் அறையில், நான் சமையலறையில். நடுவில் இரண்டு போன். ஃபேன் ஐந்தில் ஓடும், அம்மா மிக்ஸி போடுவார். அந்த இரைச்சலோடுதான் பேச வேண்டும். எங்கள் கற்பனை விமானம் சென்னையில் கிளம்பி, வேலூர் மேலே பறந்து பெங்களூர் போகும். நான் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து அவர் உத்தரவுகளை வாசிப்பார். தினமும் இடையில் ஒன்றை மாற்றிவிடுவார். நான் எதையாவது விட்டால் இங்கிலீஷ் நின்றுவிடும். "இன்னா சொன்னேன், திருப்பிச் சொல்லும்மா" என்று தமிழில் வரும். ஒரு நாள் கியூ.என்.எச். 1008 என்பதை 1018 என்று திருப்பிச் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு எழுந்து வந்தார். நான் எழுதியிருந்த காகிதத்தில் அந்த எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். பத்து ஹெக்டோபாஸ்கல் பிசகினால் உயரமானி ஏறக்குறைய 300 அடி தப்பாகக் காட்டும் என்று அன்று ராத்திரி அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். "அதுக்குத்தான்" என்றார்.

தினம் முக்கால் மணி நேரம், ஏழு வாரம். வகுப்பில் ஒரு மாதம் முழுக்க எனக்குக் கிடைத்த மைக் நேரம் வீட்டில் இரண்டு நாளில் கிடைத்தது. நான் இந்தப் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

தமிழ் வாய்க்கென்று ஒரு சிக்கல் உண்டு. நம் எழுத்தில் பி என்று எழுதினால் அது இங்கிலீஷின் இரண்டாவது எழுத்தா, பதினாறாவதா என்று தெரியாது. டி-யும் அப்படியே. பேச்சிலும் அந்த மயக்கம் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். எழுத்துகளுக்குப் பதிலாகப் பிராவோ, பாப்பா, டெல்டா, டாங்கோ என்ற சொற்கள் இருப்பதே இதற்காகத்தான். ஒன்பதை நைனர் என்றும் ஐந்தை ஃபைஃப் என்றும் சொல்ல வேண்டும், இரைச்சலில் இரண்டும் ஒன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. இதையெல்லாம் மனப்பாடம் செய்து பயனில்லை. பஸ்ஸில் போகும்போது எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை வாய்விட்டுப் படித்துப் படித்துத்தான் எனக்குப் பழகியது. நேரத்துக்கும் இதே கதைதான். ரேடியோவில் எல்லாம் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரம். நம் கடிகாரத்திலிருந்து ஐந்தரை மணி நேரம் கழிக்க வேண்டும், அதுவும் பேசிக்கொண்டிருக்கும்போதே.

இவ்வளவு கறார் தேவையா என்று நினைத்தால் சர்க்கி தாத்ரியை நினைத்துக்கொள்ளுங்கள். 1996 நவம்பர் 12 அன்று அரியானா வானில் சவுதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசகஸ்தான் விமானத்துக்குச் சொல்லப்பட்ட உயரம் 15,000 அடி. அது அதற்கும் கீழே இறங்கியிருந்தது. அதில் கட்டுப்பாட்டு அறையோடு பேசியது விமானி இல்லை, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். காதில் விழுந்த ஓர் எண் விமானத்தை ஓட்டும் கைவரை சரியாகப் போய்ச் சேர வேண்டும். தேர்வாளர் பார்ப்பது அதைத்தான்.

வீட்டுப் பயிற்சியிலும் குறை உண்டு. திருத்த ஆள் இல்லாவிட்டால் தப்பும் நன்றாகப் படிந்துவிடும். ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் "ஓவர்" சொல்லும் பழக்கம் எனக்கு வந்திருந்தது. வி.எச்.எஃப்.பில் பேச்சு தெளிவாக இருக்கும்போது அது தேவையில்லை என்று பெரியப்பாவுக்கு எப்படித் தெரியும்? தேர்வுக்கு முன்னால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை சென்னை போய் மாதிரித் தேர்வு கொடுத்தபோதுதான் பிடித்தார்கள். நேர்முகக் கேள்விகளுக்கும் அந்த இரண்டு நாள் உதவியது. ஆன்லைன் வகுப்பில் நான் கேட்டது இரண்டே பாடம், அதை வைத்து நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். கப்பலுக்கான ஜி.எம்.டி.எஸ்.எஸ். சான்றிதழ் வேண்டுவோருக்கு இந்தக் கேள்வியே இல்லை. அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் படித்துத்தான் ஆக வேண்டும்.

எதிரில் உட்கார்ந்து தினம் முக்கால் மணி நேரம் பொறுமையாகத் திருப்பிக் கேட்க வீட்டில் யாருமே இல்லையென்றால் வகுப்புக்கே போங்கள். பணம் கட்டும் முன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: பேட்சில் எத்தனை பேர், வாரத்துக்கு எனக்கு எத்தனை நிமிடம் மைக்? எண்ணாகப் பதில் சொல்லும் இடத்தில் சேருங்கள்.