டிப்ஸ்டிக் இல்லாத காரில் கம்பி விட்டு ஆயில் பார்த்தார்கள்: எச்சரிக்கை

பழைய ஜெர்மன் கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிவிட்ட மகிழ்ச்சியில் இருப்பவர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். ஆனி மாதம் நாகர்கோவிலுக்கு வெளியே, நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில், 4,750 ரூபாய் கொடுத்து என் வண்டியின் இன்ஜினை நானே கெடுத்துக்கொள்ளப் பார்த்தேன். கடையின் பெயரை எழுதவில்லை. என் கையில் பில் இல்லை. அது ஏன் இல்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி 2014 மாடல் டீசல் செடான். திருவனந்தபுரத்தில் ஓடிக்கொண்டிருந்ததை வாங்கி, பதிவெண்ணை டி.என். 75 ஆக மாற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. மஸ்கட்டில் இருந்த பதினான்கு வருடமும் நான் ஓட்டியது ஜப்பான் வண்டிகள். பானட்டைத் திறந்தால் மஞ்சள் வளையத்துடன் டிப்ஸ்டிக் என்கிற ஆயில் அளவுக் கம்பி ஒன்று எட்டிப் பார்க்கும். உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்தால் இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் தெரியும். இந்த வண்டியில் அந்தக் கம்பியே கிடையாது. ஆறு மாதமாக அதைக் கவனிக்காமல் ஓட்டியிருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

அன்று மதுரையிலிருந்து குடும்பத்தோடு திரும்பிக்கொண்டிருந்தோம். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. ஆனி, ஆடியில் அந்த வழியே போகிறவர்களுக்கு இது தெரியும். எனக்கென்னவோ டயரில் காற்று குறைந்துவிட்டதோ என்று சந்தேகம். தோவாளை தாண்டியதும் ஒரு கடையில் நிறுத்தினேன். டயரில் காற்று சரியாகவே இருந்தது. அங்கேயே கிளம்பியிருக்க வேண்டும். கடைப் பையன், "கண்ணாடிக்குத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கிறேன் சார்" என்று பானட்டைத் திறந்தான். பின்னாலேயே முதலாளி வந்தார். நாற்பது வயது இருக்கும். அவ்வளவு பணிவு.

"அண்ணாச்சி, கடைசியாக ஆயில் எப்போது பார்த்தீர்கள்?"

நான் விழித்தேன். அந்த விழிப்புதான் அவருக்குத் தேவைப்பட்டது என்று இப்போது புரிகிறது.

இன்ஜின் ஓரத்தில் ஒரு குழாய், அதன் வாயில் ஒரு மூடி. மூடியைக் கழற்றினார். உள்ளே கம்பி எதுவும் இல்லை. "பழைய ஓனர் தொலைத்திருப்பார்" என்றார், வருத்தத்துடன். சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய கம்பி ஒன்றை எடுத்துத் துடைத்து, அந்தக் குழாய்க்குள் விட்டு எடுத்தார். நுனியில் ஒரு துளி கறுப்பு. "ஆயிலே இல்லை அண்ணாச்சி. இப்படியே போனால் தக்கலை சேருமா என்பது சந்தேகம். பிள்ளைகள் வேறு இருக்கிறார்கள்."

"டேஷ்போர்டில் விளக்கு ஒன்றும் எரியவில்லையே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே" என்றாள் மனைவி. நான் கேட்கவில்லை. இன்ஜின் விஷயத்தில் எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்கிற நினைப்பு.

திறந்திருந்த ஒரு பெரிய டின்னிலிருந்து ஜக்கில் எடுத்து இரண்டரை லிட்டர் ஊற்றினார்கள். லிட்டருக்கு 1,400 வீதம் 3,500. "எங்கோ கசிகிறது, அதை அடைக்க ஒரு மருந்து" என்று ஒரு சிறிய டப்பா 950. கூலி 300. பில் கேட்டேன். "புத்தகம் தீர்ந்துவிட்டது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்" என்றார். இன்றுவரை வரவில்லை. பணத்தையும் ரொக்கமாகவே கொடுத்திருந்தேன்.

வில்லுக்குறி தாண்டியபோது திரையில் எழுத்து வந்தது: இன்ஜின் ஆயில் அளவைக் குறைக்கவும். சற்றுமுன் ஆயிலே இல்லை என்றார்கள், இப்போது அதிகம் என்கிறது. கடைக்குப் போன் செய்தேன். ஒரு நொடிகூட யோசிக்காமல் பதில் வந்தது: "அப்படியென்றால் சென்சார் போய்விட்டது அண்ணாச்சி. 18,000 ஆகும். நாளைக்குக் கொண்டு வாருங்கள்." முதலில் இல்லாத குறையைக் காட்டி ஆயிலை விற்பது, அந்த ஆயிலால் வரும் எச்சரிக்கையைக் காட்டி அடுத்த வேலையைப் பிடிப்பது. இந்த இரண்டாவது தூண்டில்தான் எனக்கு முதல் சந்தேகத்தைக் கொடுத்தது. குமாரகோவில் திருப்பத்துக்கு அருகே பின்கண்ணாடியில் நீலமும் வெள்ளையுமாகப் புகை தெரிந்தது. ஓரமாக நிறுத்தி, ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் காலை, எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஆசான் என்று கூப்பிடும் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போனேன். அவர் முதலில் பானட்டைத் தொடவே இல்லை. சாவியை வாங்கித் திரையில் ஆயில் அளவு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடினார். பிறகு கேட்ட கேள்வி: "சமதளம் எங்கே இருக்கிறது?"

எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் இதைவிடக் கடினமான கேள்வி கிடையாது. வேர்க்கிளம்பிப் பக்கம் வீடு. முற்றம் சரிவு, ரோடு சரிவு, ரப்பர் விளை அதைவிடச் சரிவு. கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்து ஓர் ஆலயத்து மைதானத்தில் நிறுத்தினோம். பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கிவந்து தரையில் வைத்துப் பார்த்த பிறகே ஆசான் திருப்தியானார். சரிவில் நின்றால் சம்ப்பில், அதாவது இன்ஜினின் அடித்தொட்டியில், உள்ள ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். சென்சார் சொல்வதும் தவறாகிவிடும்.

பிறகு அவர் விளக்கியதையும் நான் கையேட்டில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூ 2004, 2005 வாக்கில் கொண்டுவந்த என்52 இன்ஜினிலேயே டிப்ஸ்டிக்கை எடுத்துவிட்டார்கள். ஆடி (Audi), மெர்சிடிஸ், போர்ஷே ஆகியவற்றிலும் பல மாடல்களில் கிடையாது. பதிலுக்கு, சம்ப்பின் அடியில் ஒரு சென்சார் இருக்கும். பழைய வகை, தன்னைச் சற்றுச் சூடாக்கிக்கொண்டு எவ்வளவு நேரத்தில் ஆறுகிறது என்பதை வைத்து அளக்கும்; ஆயிலில் எவ்வளவு மூழ்கியிருக்கிறதோ அவ்வளவு சீக்கிரம் ஆறும். புதிய வகை, காதுக்குக் கேட்காத ஒலியை மேல்நோக்கி அனுப்பி, ஆயிலின் மேல்பரப்பில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணக்கிடும். அந்தக் கணக்குதான் திரையில் வருகிறது.

அப்படியானால் அந்தக் குழாய் எதற்கு? நான் ஏமாந்ததே அந்தக் குழாயைப் பார்த்துத்தான். சில மாடல்களில் கம்பி இல்லாவிட்டாலும் குழாய் மட்டும் இருக்கும். அதன் வழியே பம்பு வைத்து ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். நிறுவனப் பட்டறையில் அளப்பதற்கென்று நீளமான கம்பி ஒன்றும் வைத்திருப்பார்கள். அதில் இருப்பது மில்லிமீட்டர் கோடுகள். எந்த இன்ஜினுக்கு எத்தனை மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று தனி அட்டவணை பார்த்துத்தான் சொல்ல முடியும். சுவரில் தொங்கியது ஏதோ சிறிய வண்டியின் கம்பி. அதை இந்தக் குழாயில் விட்டால் ஆயில் நிறைந்திருந்தாலும் நுனிதான் நனையும். போதாததற்கு, நான் இன்ஜினை நிறுத்தி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே ஏறிய ஆயில் கீழே வடிந்து சேரவே சில நிமிடங்கள் வேண்டும்.

கம்பி இருக்கிற வண்டிக்காரர்களும் இங்கே சிரிக்க வேண்டாம். கம்பியை முழுதாக இறக்காமல் பாதியில் நிறுத்தி எடுத்து, "பாருங்கள், ஆயில் இல்லை" என்று காட்டுவது இதைவிடப் பழைய வித்தை. உங்கள் கம்பியை நீங்களே உருவுங்கள்.

என் வண்டியில் திரையில் பார்க்கிற முறை இது: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு சமதளத்தில் நிறுத்தி, அணைத்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். பி.எம்.டபிள்யூ வண்டிகளில் இதற்கு நேர்மாறு: சூடான இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கும். ஆகவே நண்பர் சொன்னார், வீடியோவில் பார்த்தேன் என்று போகாமல் உங்கள் வண்டியின் கையேட்டை எடுத்துப் பாருங்கள். ஆயில் மாற்றியவுடன் சில வண்டிகள் உடனே அளவு காட்டாது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகே காட்டும். அந்த இடைவெளியில் பதறி யாரையும் ஊற்ற விடாதீர்கள்.

இன்னொன்று. சிவப்பில் வரும் ஆயில் குடுவை விளக்கு அளவைக் காட்டுவதில்லை. அது ஆயில் அழுத்தத்துக்கானது. அது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி அணைத்துவிட வேண்டும். அளவு குறைந்தால் வருவது பெரும்பாலும் மஞ்சள் எச்சரிக்கையும் எத்தனை லிட்டர் சேர்க்க வேண்டும் என்ற எழுத்தும். எனக்கு இரண்டுமே வரவில்லை. மனைவி சொன்னது அதைத்தான்.

ஆசான் அந்தக் குழாய் வழியே பம்பு வைத்து உறிஞ்சினார். அரை லிட்டர், பிறகு அரை லிட்டர், ஒவ்வொரு முறையும் திரை. இரண்டு லிட்டரும் இருநூறு மில்லியும் வெளியே வந்த பிறகு "அளவு சரி" என்று வந்தது. ஊற்றியது இரண்டரை. அதாவது கடையில் நிறுத்தியபோது ஏறத்தாழ முந்நூறு மில்லிதான் குறைந்திருந்தது. அதற்கு எதுவுமே ஊற்றத் தேவையில்லை. 18,000 ரூபாய் சென்சார் பழுதில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தது.

ஆயில் அதிகமானால் என்ன, குறைந்தால்தானே ஆபத்து என்று நானும் நினைத்தவன்தான். மட்டம் ஏறினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் என்கிற தண்டு அதை மோர் கடைவதுபோலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் காற்று இருப்பதால் போக வேண்டிய இடத்துக்கு அழுத்தத்தோடு போகாது. சீல்களில் கசியும். ஆவியாகக் கிளம்பும் ஆயில் காற்றுப் பாதைக்குள் போய் எரியும். நான் பார்த்த புகை அதுதான். டீசல் இன்ஜின் தன் ஆயிலையே எரிபொருளாகக் குடிக்கத் தொடங்கிவிட்டால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது, வேகம் ஏறிக்கொண்டே போகும். குமாரகோவில் திருப்பத்தில் நிறுத்தாமல் வீடுவரை ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஆசானிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் ஹோஸைக் கழற்றி உள்ளே விரலை விட்டுக் காட்டினார். விரல் முழுக்க ஆயில்.

ஊற்றிய ஆயிலும் எந்தத் தரம் என்று தெரியாது. என் வண்டிக்கு 5டபிள்யூ-30 என்கிற ரக ஆயில். அதிலும் கையேட்டில் உள்ள தர எண் டப்பாவில் இருக்க வேண்டும். திறந்த டின்னில் எந்த எண்ணைத் தேடுவது? ஆகவே மீதியையும் வடித்து, ஆறரை லிட்டர் புது ஆயிலும் பில்டரும் போட்டோம். ஹோஸைச் சுத்தம் செய்ததோடு சேர்த்து 9,200 ரூபாய்.

கடைக்குத் திரும்பப் போனேன். "கம்பியில் காட்டித்தானே ஊற்றினோம்" என்றார், அதே பணிவோடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்துப் புகாரைப் பதிந்திருக்கிறேன். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் பில்லும் இல்லை, பணம் அனுப்பிய தடயமும் இல்லை என்றால் வெறும் வாயால் என்ன நிரூபிப்பது? நூறு ரூபாய்க்குக் காற்று அடித்தாலும் போனிலேயே பணம் அனுப்புகிறேன் இப்போதெல்லாம்.

வடித்த ஆயில் இரண்டு கேன் நிறைய வீட்டுக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் கரி ஆயிலை யாரும் வீணாக்குவதில்லை. தொழுவத்து உத்திரத்துக்கும் கழிகளுக்கும் பூசிக்கொண்டிருந்தேன். காப்பியோடு வந்த மனைவி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "கரையான் மருந்து லிட்டர் ஆயிரத்து நானூறு ரூபாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.