மல்யுத்த வீரர் படம்: கோத்தகிரியில் எதைப் போடலாம்?

ஞாயிறு மாலை மன்றத்தில் ஒன்றுதான் போட முடியும்: 'ரெஸ்லிங் வித் ஷேடோஸ்' (1998), இல்லை 'பியாண்ட் தி மேட்' (1999). இரண்டும் தொழில்முறை மல்யுத்த வீரர்களைப் பற்றிய ஆவணப்படங்கள்.

ஆள்: முதலாவதில் பிரெட் ஹார்ட். மற்றதில் டெர்ரி ஃபங்க், மிக் ஃபோலி, ஜேக் ராபர்ட்ஸ்.

உச்சம்: 1997, மான்ட்ரியல். முடிவை முன்பே பேசிவைத்த போட்டியில், பிரெட்டுக்குச் சொல்லாமலே மணியடித்து முடித்து, அவரது சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்கள். அதற்குமுன் மல்யுத்த நிறுவன முதலாளி அவரிடம் பேசியதை, பிரெட் மறைத்து மாட்டியிருந்த மைக் பிடித்துவைத்திருந்தது! மற்றதில் கைவிலங்கிட்ட ஃபோலியின் தலையில் நாற்காலி அடி மேல் அடியாக விழ, முன்வரிசையில் அவர் பிள்ளைகள் கதறுகிறார்கள். "எல்லாம் நடிப்புதானே" என்பவர்கள் இதைப் பார்க்கட்டும்.

கரண்ட் போனால்: முதலாவது ஒரே கதை, பாதியில் நின்றால் சப்பென்றாகும். மற்றது பல கதை, சமாளிக்கலாம்.

பொடிசுகள் வந்தால் முதலாவதே. பெரியவர்கள் மட்டும் என்றால் இரண்டாவது. பனி இறங்குமுன் ஜன்னலைச் சாத்துங்கள். புரொஜக்டர் லென்ஸில் ஈரம் படிந்தால் எந்தப் படமும் மங்கல்தான்.