லைன்மேனின் முழங்காலுக்கு டான்ஜாய் டிஃபையன்ஸ் பிரேஸ்: யாருக்கு உதவும், எங்கே சறுக்கும்?

அமெரிக்கக் கால்பந்தில், பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுக்கும் அஃபென்சிவ் லைன்மேனின் முழங்கால் பெரும்பாலும் எதிராளியோடு நேருக்கு நேர் மோதும்போது போவதில்லை. அவர் காலை ஊன்றி ஒருவரைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் சாய்க்கப்பட்ட இன்னொருவர் முழங்காலின் வெளிப்பக்கத்தில் வந்து விழுவார். பாதம் புல்லில் பதிந்திருக்கும், முழங்கால் உள்நோக்கி மடங்கும், எலும்புகளைப் பிணைக்கும் நாரான உட்பக்க லிகமென்ட் கிழியும். டான்ஜாயின் டிஃபையன்ஸ் போன்ற கீல் வைத்த பிரேஸ், அதாவது முழங்கால் தாங்கி, தடுக்க முயல்வது இந்த ஒரு விபத்தைத்தான். மூட்டுக்குள் குறுக்காக ஓடும் சிலுவை லிகமென்ட்டையும் காப்பாற்றும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். சிலுவை லிகமென்ட் அறுவைக்குப் பிறகு மருத்துவர் இதையே அணியச் சொல்லலாம், ஆனால் அது வேறு பயன்பாடு.

இந்த யோசனை 1970களின் பிற்பகுதியிலேயே வந்துவிட்டது. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியில் வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் பயிற்றுநரான ஜார்ஜ் ஆண்டர்சன், பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் கென் ஸ்டேப்லரின் முழங்காலுக்காகச் செய்த பிரேஸுக்கு ஸ்டேப்லரின் பெயரே வைக்கப்பட்டது. அடிபடாத காலுக்கும் முன்கூட்டியே பிரேஸ் போடும் வழக்கம் அதன்பின் பரவியது. பலன் உண்டா என்ற சண்டை இன்றுவரை ஓயவில்லை. பிக் டென் என்ற அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் குழுமத்தின் பல்கலைக்கழக வீரர்களை வைத்துச் செய்து 1994இல் வெளியான ஆய்வில், பிரேஸ் அணிந்த லைன்மேன்களுக்கு உட்பக்க லிகமென்ட் காயம் குறையும் போக்கு தெரிந்தது. வேகமாக ஓடித் திரும்பும் வீரர்களிடம் அந்த நன்மை தெரியவில்லை. அதனால் இது லைன்மேனுக்கான பொருள், அதிலும் வரிசையின் நடுவில் நிற்கும் சென்டருக்கும் அவருக்கு இருபுறமும் நிற்கும் கார்டுக்கும். உடல்கள் குவிந்து விழுவது அவர்களைச் சுற்றித்தான். ஓரத்தில் நிற்கும் டாக்கிள், குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வருபவனுக்கு முன்னால் பின்னோக்கிக் கால் வைத்துப் போக வேண்டும். அந்த முதல் இரண்டு அடியில் தாமதம் ஏற்பட்டால் பிரேஸையே குறை சொல்வார், அதில் நியாயமும் உண்டு.

டிஃபையன்ஸின் சட்டகம் கார்பன் கலவை, அளவெடுத்துச் செய்வது. லைன்மேனுக்கு அதுதான் முக்கியம். தொடை மேலே பருத்து முழங்காலருகே சட்டென்று ஒடுங்குவதால் கடையில் கிடைக்கும் பொது அளவு கீழே வழுக்கிவிடும். முழங்கால் சில்லின் நடுவிலிருந்து 6 அங்குலம் மேலே தொடைச் சுற்றளவு எடுக்க வேண்டும், காலைத் தளர்த்தி வைத்து. பயிற்சி முடிந்த கையோடு எடுத்தால் தசை புடைத்திருக்கும், பிரேஸ் பிறகு தொளதொளக்கும். இரண்டு காலையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய காயம் உள்ள காலில் தொடைச் சதை சற்று வற்றியே இருக்கும்.

அணியும் முறையில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து முழங்காலை 45 பாகை மடக்கிக்கொள்ளுங்கள். கீலின் நடு சில்லின் மேல்விளிம்பு மட்டத்தில், பக்கவாட்டு நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னே அமரட்டும். முதலில் இறுக்க வேண்டியது கெண்டைச் சதையின் புடைப்புக்கு மேலே, முழங்காலுக்குக் கீழே பின்புறம் வரும் பட்டை. பிரேஸைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். தொடைப் பட்டையை முதலில் இழுத்தால் சட்டகம் முழுவதும் கீழிறங்கும். பிறகு எழுந்து நடந்து, சில முறை உட்கார்ந்தெழுந்து, எல்லாப் பட்டைகளையும் மறுபடி இறுக்க வேண்டும். போட்டியின் நான்கு பகுதிகளில் முதலாவது முடிந்ததும் இன்னொரு தடவை. இரண்டு சென்டிமீட்டர் இறங்கினாலே கீலின் அச்சும் மூட்டின் அச்சும் விலகிவிடும். அப்போது ஒவ்வொரு மடக்கலிலும் பிரேஸ் காலோடு மல்லுக்கு நிற்கும். "இது என்னை மெதுவாக்குகிறது" என்ற புகாரில் பெரும்பகுதி இங்கிருந்து வருவது.

கீலுக்குள் பொருத்தும் தடுப்புத் துண்டுகளைக் கவனியுங்கள். கால் நீட்டும் பக்கத்தில் வழக்கமாக 10 பாகைத் தடுப்போடு வரும், அது இருக்கட்டும். மடக்கும் பக்கத்தில் தடுப்பு போட்டிருந்தால் மருத்துவரிடம் கேட்டு எடுத்துவிட வேண்டும். கையை ஊன்றிக் குனிந்து நிற்கும் நிலைக்கு ஆழமான மடக்கம் தேவை.

வியர்வை இதற்குப் பெரிய பகை. மெத்தைகளை ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் கழற்றி, மென்மையான சோப்பில் கையால் கசக்கி, நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோடு பையில் அடைத்தால் தோல் புண்ணாகும். ஒட்டுப் பட்டையில் சிக்கும் புல்லையும் நூலையும் சீப்பால் எடுக்காவிட்டால் ஆட்டத்தின் நடுவில் பிடி விடும். கீல் திருகுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். கீல் கிறீச்சிட்டால் உலர் டெஃப்லான் தெளிப்பான் போதும். எண்ணெய் விட்டால் மண் ஒட்டி அரைக்கும்.

டாக்கிள் ஜோ தாமஸ் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணிக்காக ஒன்றைக்கூடத் தவறவிடாமல் 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்துத் தொடங்கும் ஒவ்வோர் ஆட்ட நகர்வு) தொடர்ந்து ஆடினார். 2017இல் அந்தத் தொடரை அறுத்தது முழங்கால் அல்ல, கையின் பின்தசைக் கிழிசல். பிரேஸுக்குச் செலவழிக்குமுன் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இருந்தும் கல்லூரியில் நான்கு ஆண்டு உள்வரிசையில் நிற்கப் போகும் பையனுக்கு, இரண்டு காலுக்கும், பருவம் தொடங்க ஆறு வாரம் முன்பே வாங்கிவிடலாம். பழகாத பிரேஸோடு முதல் போட்டிக்குப் போகக் கூடாது. எடை நான்கைந்து கிலோ ஏறினாலோ இறங்கினாலோ மீண்டும் அளவு பார்க்க வேண்டும்.